பாப்லர் மரம் மண்ணில் உள்ள நச்சு உலோகங்களை எடுக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசுபட்ட மண்ணைப் பற்றிப் பேச்சு வந்து, நடுவில் பாப்லர் என்ற பெயரும் வந்துவிட்டால் எங்கே போனாலும் ஒரே சந்தேகங்கள்தான் எழுகின்றன. மரத்தை நட்டுவிட்டால் விஷம் போய்விடும் என்று சிலர் முழுதாக நம்புகிறார்கள். இதெல்லாம் வெறும் பேச்சு என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். உண்மை எந்த உலோகம், எந்த மண், விழுந்த இலை எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

பாப்லர்னா எந்த மரம்? நான் பார்த்ததே இல்லையே.

குளிர் நாடுகளின் ஆற்றங்கரை மரம் இது. வில்லோ மரத்துக்கு நெருங்கிய சொந்தம். ஐரோப்பாவின் வெள்ளைப் பாப்லர், கறுப்புப் பாப்லர், அமெரிக்காவின் காட்டன்வுட், மலைப்பகுதிகளின் ஆஸ்பென் என்று சுமார் முப்பது இனங்கள் உண்டு. பல இனங்களின் இலை நம் பூவரசு இலையை ஒத்திருக்கும். பூவரசின் அறிவியல் பெயரான தெஸ்பீசியா பாபுல்னியா அந்த ஒற்றுமையால் வந்ததுதான்.

இந்தியாவில் பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசப் பக்கம் போனால் கோதுமை வயலுக்கு நடுவே வரிசையாக நிற்கும் அமெரிக்கப் பாப்லரைப் பார்க்கலாம். பிளைவுட்டுக்கும் தீக்குச்சிக்கும் போகும் கட்டை அது.

மரத்துக்கு காட்மியத்தால ஒரு பிரயோஜனமும் இல்லையே, அப்புறம் ஏன் உறிஞ்சுது?

காட்மியம் என்ற நச்சு உலோகத்தை மரம் தேடிப் போவதில்லை. அதற்கு வேண்டியது துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு, கால்சியம். இவற்றை உள்ளே கொண்டுவர வேர் செல்லின் சவ்வில் தனித்தனிப் புரத வழிகள் இருக்கின்றன. காட்மியம் வேதியியலில் துத்தநாகத்துக்கு அவ்வளவு நெருக்கமானது. இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் மற்றவனுடைய அனுமதிச் சீட்டைக் காட்டி உள்ளே போவது போல, அதே வழியில் அதுவும் நுழைந்துவிடுகிறது.

இதற்கு முதலில் உலோகம் மண்ணின் ஈரத்தில் கரைந்திருக்க வேண்டும். அமிலத்தன்மை கூடிய மணல் மண்ணில் அது எளிதில் கரையும். சுண்ணாம்பும் களியும் மக்கும் நிறைந்த மண்ணில் ஒட்டிக்கொண்டு நகராமல் கிடக்கும். ஆகவே இரண்டு நிலங்களில் ஒரே அளவு காட்மியம் இருந்தாலும், அங்கே நிற்கும் இரண்டு மரங்களின் இலையில் அளவு வெகுவாக வேறுபடலாம்.

அப்போ ஈயம், தாமிரம், ஆர்சனிக் எல்லாத்தையும் இழுத்துடுமா?

இல்லை. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இதுதான். பாப்லரில் வேரிலிருந்து இலை வரை தாராளமாக ஏறுவது காட்மியமும் துத்தநாகமும் மட்டுமே. ஈயம் பெரும்பாலும் வேரின் செல்சுவரிலேயே ஒட்டி நின்றுவிடும். குரோமியமும் வேரைத் தாண்டி மேலே போவது மிகக் குறைவு. தாமிரத்திலும் ஆர்சனிக்கிலும் பெரும்பங்கு வேரோடு தங்கிவிடும்.

ஆகவே பாப்லரைக் கொண்டு செய்யக்கூடியது இரண்டு வேறு வேலைகள். காட்மியம், துத்தநாகம் என்றால் உலோகத்தை மேலே எடுத்து, மரத்தை வெட்டி நிலத்தை விட்டு அப்புறப்படுத்தப் பார்க்கலாம். ஈயம், ஆர்சனிக் என்றால் எடுப்பதில் நம்பிக்கை வைக்க முடியாது; வேரால் மண்ணைப் பிடித்து, புழுதி பறக்காமல், மழையில் அரித்துப் போகாமல் நிறுத்திவைக்கலாம். ஈயம் கலந்த நிலத்துக்கு "இந்த மரம் சுத்தம் செய்துவிடும்" என்று யாராவது நாற்று விற்றால் வாங்காதீர்கள்.

இவ்வளவு விஷம் உள்ளே போயும் மரம் ஏன் சாகலை?

உலோகம் செல்லுக்குள் தனியாகத் திரியும்போதுதான் கெடுதல். புரதங்களில் கந்தகம் இருக்கும் இடங்களைப் பிடித்து அவற்றை வேலை செய்ய விடாது; துத்தநாகமோ இரும்போ இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படித் திரியவிடாமல் பிடித்துப் பூட்டுவதில்தான் மரத்தின் தாங்குதிறன் இருக்கிறது.

முதல் தடை செல்சுவர். அதிலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருள் கொஞ்சம் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தாண்டி வந்ததை குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு பிடிக்கிறது. அதில் கந்தகம் உண்டு. காட்மியத்துக்குக் கந்தகம் என்றால் விடாப்பிடி. குளுட்டாதயோனைக் கோத்து பைட்டோகெலாட்டின் என்ற சங்கிலிகளையும் செல் தயாரிக்கிறது. அவை காட்மியத்தைச் சுற்றி வளைத்துக் கட்டிவிடும். கட்டியதை வாக்குவோல் என்ற பெரிய பைக்குள் தள்ளி மூடிவிடுகிறது. துத்தநாகத்தை அந்தப் பைக்குள் ஏற்றும் எம்டிபி1 என்ற புரதத்தைக் கலப்பினப் பாப்லரில் கண்டறிந்து 2003-இல் வெளியிட்டார்கள். அதற்குப் பின் 2006-இல் கறுப்புக் காட்டன்வுட்டின் முழு மரபணுத் தொகுதியும் வெளியானது. மரங்களிலேயே முதலில் முழுதாகப் படிக்கப்பட்டது அதுதான். இந்த வேலைகளைச் செய்யும் மரபணுக்களைத் தேடுவது அதன் பிறகு மிகவும் எளிதாகிவிட்டது.

அப்படின்னா மரத்துக்குப் பாதிப்பே கிடையாதா?

உண்டு. தாங்குவதற்கும் ஓர் அளவு இருக்கிறது. காட்மியம் கூடிய மண்ணில் நிற்கும் இளம் பாப்லரின் இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்புகள் பச்சையாகவே இருக்கும். நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் வெளிறி மஞ்சளாகியிருக்கும். இரும்புச் சத்துக் குறையும் இப்படித்தான் தெரியும், காரணமும் கிட்டத்தட்ட அதுதான்: காட்மியம் இரும்பின் வழியை அடைத்துவிடுகிறது. நாற்றைப் பிடுங்கினால் வேர் நீளாமல் குட்டையாக, தடித்து, பழுப்பேறியிருக்கும். சல்லிவேர் குறைவாக இருக்கும்.

பைட்டோகெலாட்டினும் சும்மா வராது. அதற்குக் கந்தகமும் நைட்ரஜனும் செலவாகும், வளர்ச்சிக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கு இதற்குப் போகும். உயிரோடு நிற்கிறது என்பதற்காக மரம் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

சார், உலோகத்தை இதைவிட நூறு மடங்கு இழுக்கற செடிங்க இருக்குன்னு படிச்சேன். அதை விட்டுட்டு ஏன் பாப்லர்?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். நொக்கேயா கெருலெசென்ஸ் என்று ஐரோப்பாவில் ஒரு சிறு செடி உண்டு. காய்ந்த இலையில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் சேர்த்தால் மிகைச்சேர்ப்புச் செடி என்று கணக்கு. இது அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டும். பாப்லர் அந்த வகையில் சேராது.

ஆனால் அந்தச் செடி ஒரு சாண் உயரம். அறுத்தால் கையில் மிஞ்சுவது கொஞ்சம். பாப்லர் ஹெக்டேருக்கு வருடம் பல டன் தரும். வேர் ஆழமாகப் போகும், தண்ணீரை நிறைய இழுக்கும். போத்து நட்டாலே வரும்: விரல் தடிமனில் 20 முதல் 25 சென்டிமீட்டர் குச்சியை வெட்டி, ஒரு மொட்டு மட்டும் வெளியே தெரிய ஈர மண்ணில் செருகினால் போதும். வெட்டினால் மறுதாம்பு தளிர்க்கும். உணவுப் பயிரும் இல்லை. எடுக்கப்படும் மொத்த உலோகம் என்பது இலையின் செறிவையும் விளைச்சலையும் பெருக்கி வருவது. பாப்லர் கைகொடுப்பது அந்தப் பெருக்கலில்தான். வில்லோவும் இதே போன்ற மரம். காட்மியத்தைப் பொறுத்தவரை பல இடங்களில் பாப்லரை விடவும் மேல்.

ஸ்பெயின்ல ஒரு ஆத்தங்கரை முழுக்க நட்டாங்களாமே, அது என்ன கதை?

1998 ஏப்ரல் 25 அன்று செவில் நகரத்துக்கு அருகே அஸ்நால்கோயார் சுரங்கத்தின் கழிவுக் குளம் உடைந்தது. அமிலத் தண்ணீரும் கறுத்த சேறுமாகச் சுமார் 60 லட்சம் கன மீட்டர் கழிவு குவாதியாமார் ஆற்றில் இறங்கி, 4,000 ஹெக்டேருக்கு மேல் நிலத்தை மூடியது. அதில் துத்தநாகம், ஈயம், ஆர்சனிக், தாமிரம், காட்மியம், தாலியம் எல்லாம் இருந்தன. ஆற்றின் போக்கிலேயே இருப்பது தோன்யானா தேசியப் பூங்கா, ஐரோப்பாவின் மிக முக்கியமான பறவைச் சதுப்புகளில் ஒன்று. அவசரமாகத் தடுப்பு எழுப்பி, சேறு பூங்காவுக்குள் பாயாமல் மறித்தார்கள்.

சேற்றை இயந்திரங்களால் வழித்து எடுத்தார்கள். அப்படியும் மண்ணில் உலோகம் திட்டுத்திட்டாக மிஞ்சியது. சர்க்கரை ஆலைக் கழிவுச் சுண்ணாம்பையும் கரிமப் பொருளையும் கலந்து அமிலத்தைக் குறைத்தார்கள். நிலங்களை அரசே கையகப்படுத்தி, விவசாயத்தையும் மேய்ச்சலையும் நிறுத்தி, அந்த மண்ணுக்கே உரிய மரங்களை நட்டார்கள்: வெள்ளைப் பாப்லர், காட்டு ஆலிவ், ஓக், ஆஷ். 2003-இல் அது குவாதியாமார் பசுமைத் தாழ்வாரம் என்ற பாதுகாக்கப்பட்ட நிலமானது.

ஆய்வாளர்கள் அந்த மரங்களின் இலையை வருடக்கணக்கில் சோதித்தார்கள். வெள்ளைப் பாப்லர் இலையில் காட்மியமும் துத்தநாகமும் மற்ற மரங்களை விட வெகுவாகக் கூடியிருந்தன. ஈயமும் ஆர்சனிக்கும் அப்படி ஏறவில்லை. மூன்றாவது கேள்வியில் சொன்னது அங்கே திறந்த வெளியில், பெரிய அளவில் தெரிந்தது. மண்ணில் காட்மியம் எங்கே இருக்கிறது என்பதை இலையே காட்டிக்கொடுப்பதால், வெள்ளைப் பாப்லரை மாசு காட்டும் மரமாகப் பயன்படுத்தலாம் என்றும் முடிவுக்கு வந்தார்கள். அந்த இடத்தில் எனக்குப் பிடித்த விஷயம், மரத்தின் மீது எல்லாப் பாரத்தையும் போடாமல் முதலில் சேற்றை வழித்து, சுண்ணாம்பு போட்டு, மனிதரையும் மாட்டையும் தள்ளிவைத்த பிறகே நட்டதுதான்.

இலையில ஏறுது சரி. இலையுதிர் காலத்துல எல்லாம் கீழதானே விழுது?

மிகச் சரியான கேள்வி. மரம் இலையை உதிர்க்கும் முன் நைட்ரஜன் போன்ற சத்துகளைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். காட்மியத்தை அப்படி இழுப்பதில்லை. ஆகவே பழுத்து விழப்போகும் இலையில்தான் அது நிறைய இருக்கும். ஆழத்தில் கிடந்ததை வேர் எடுத்து, இலைக்கு ஏற்றி, கடைசியில் நிலத்தின் மேல்பரப்பில் பரப்பிவிடும்.

இது வெறும் அச்சம் இல்லை. பெல்ஜியத்தில் கால்வாய் தூர்வாரிய மண்ணைக் கொட்டிய நிலத்தில் முப்பது வருடத்துக்கு மேல் நின்ற தோப்பைச் சோதித்தபோது, பாப்லருக்குக் கீழே மேல்மண்ணில் காட்மியமும் துத்தநாகமும் கூடியிருந்தன. மண்புழு அந்த இலையைத் தின்னும், புழுவைச் சிறு பிராணிகள் தின்னும். பச்சை இலையையே பாப்லர் வண்டு அரித்துத் தின்னும். ஆக, காட்மிய நிலத்தில் பாப்லரை நட்டுவிட்டு இலையை அப்படியே விட்டால், புதைந்து கிடந்ததைத் தோண்டி மேலே போட்டதாகிவிடும். ஒன்று, இலை உதிரும் முன் அறுவடை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இலையை வாரி எடுக்க வேண்டும். அதுவும் முடியாது என்றால் காட்மியத்தை மேலே ஏற்றாத வேறு மரத்தை நட வேண்டும்.

எத்தனை வருஷத்துல மண் சுத்தமாகும்? ஒரு கணக்கு சொல்லுங்க.

சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேரில் மேல் 25 சென்டிமீட்டர் மண் சுமார் 3,500 டன். அதில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் காட்மியம் என்றால் மொத்தம் 17.5 கிலோ. அதை 2 மில்லிகிராமுக்குக் கொண்டுவர 10.5 கிலோ வெளியேற வேண்டும்.

வருடத்துக்கு 8 டன் காய்ந்த கட்டை, அதில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் காட்மியம் என்று வைத்துக்கொண்டால் வெளியேறுவது 80 கிராம். 3 டன் இலையையும் சேர்த்து எடுத்து, அதில் 20 மில்லிகிராம் இருந்தால் இன்னொரு 60 கிராம். ஆக 140 கிராம். 10.5 கிலோவை 140 கிராமால் வகுத்தால் 75 வருடம். இலையை விட்டுவிட்டால் 130 வருடத்துக்கு மேல். இவை கணக்குக்காக எடுத்த எண்கள். நிலத்துக்கு நிலம் மாறும். எளிதில் கரையும் பங்கு தீரத் தீர எடுக்கும் வேகமும் குறையும் என்பதால் இதைவிட நீளவும் கூடும்.

பெல்ஜியத்தின் கெம்பன் பகுதியில் இந்தக் கணக்கை வேறு மாதிரி பார்க்கிறார்கள். பழைய துத்தநாக உலைகளின் புகையால் அங்கே அகன்ற பரப்பில் மணல் மண் காட்மியம் ஏறிக் கிடக்கிறது. அதை முழுதும் தோண்டி மாற்ற யாராலும் முடியாது. லொம்மெல் ஊரில் பாப்லரும் வில்லோவும் சோதனைக்கு நட்டு, விறகுக்காக வெட்டிப் பார்த்தார்கள். உணவுப் பயிர் வேண்டாத நிலத்தில் எரிபொருளை விளைவித்து வருமானம் பார்ப்பது, கூடவே காட்மியம் மெல்லக் குறைவது என்பதே அங்கே எண்ணம். எனக்கும் அதுதான் நியாயமான வழியாகப் படுகிறது.

ஏதாவது மருந்து ஊத்தி வேகப்படுத்த முடியாதா?

இடிடிஏ போன்ற வேதிப்பொருட்களை ஊற்றினால் உலோகம் சட்டென்று கரையும். ஆனால் வேர் எடுக்கும் வேகத்தை விட அதிகமாகக் கரைந்துவிடும். மிச்சம் மழையோடு நிலத்தடி நீருக்குப் போகும். திறந்த நிலத்தில் இதைச் செய்யவே கூடாது.

வெட்டின கட்டையை என்ன பண்றது? அடுப்பெரிக்கலாமா?

வீட்டு அடுப்பில் வேண்டாம். காட்மியமும் துத்தநாகமும் சூட்டில் ஆவியாகிப் புகையோடு போய், நுண்சாம்பலில் படியும். வடிகட்டி உள்ள பெரிய கொதிகலனில் எரித்தால் அந்த நுண்சாம்பலைத் தனியே பிடித்து, ஆபத்தான கழிவாகக் கையாளலாம். அந்தச் சாம்பலை உரமென்று வயலில் போட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

மரத்துக்குள் உலோகம் சமமாகப் பரவியிருக்காது. இலையில் அதிகம், பட்டையில் அடுத்தது, உள்கட்டையில் குறைவு. மெல்லிய கிளைகளில் பட்டையின் பங்கு கூடுதல் என்பதால் அவற்றில் செறிவும் கூடுதலாக இருக்கும்.

பெட்ரோல், கரைப்பான் மாதிரி விஷத்தை பாப்லர் அழிச்சிடுதே, உலோகத்தை மட்டும் ஏன் அழிக்கலை?

டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் கரிமச் சேர்மங்கள். மரமும் அதன் வேரைச் சுற்றியுள்ள பாக்டீரியாக்களும் அவற்றை உடைத்து வேறு பொருளாக்க முடியும். காட்மியம் ஒரு தனிமம். எந்த உயிரும் அதை உடைக்க முடியாது, இடம் மாற்றலாம், கட்டிப்போடலாம், அவ்வளவுதான்.

மரபணு மாத்தின பாப்லர் வந்தாச்சுன்னு சொல்றாங்களே?

சோதனைகள் நடந்திருக்கின்றன. ஈஸ்ட்டில் காட்மியத்தை வாக்குவோலுக்குள் தள்ளும் ஒய்சிஎஃப்1 என்ற மரபணுவைப் பாப்லரில் சேர்த்து, கைவிடப்பட்ட சுரங்க மண்ணில் தென்கொரிய ஆய்வாளர்கள் வளர்த்துப் பார்த்தார்கள். 2013-இல் முடிவு வெளியானது. மாற்றிய மரங்கள் சாதாரண மரங்களை விட நன்றாக வளர்ந்தன.

அமெரிக்காவில் பாதரசத்துக்காக பாக்டீரியா மரபணு சேர்த்த காட்டன்வுட் மரங்களை 2003-இல் கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரியில் நட்டார்கள். தொப்பித் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச உப்பைப் பயன்படுத்தியதால் மண் கெட்டிருந்தது. அந்த மரபணு, பாதரச அயனியை ஆவியாகக்கூடிய தனிமப் பாதரசமாக மாற்றுகிறது. ஆவி காற்றில்தானே கலக்கும் என்ற எதிர்ப்பு நியாயமானது, எனக்கும் அதில் உடன்பாடுதான். தவிர, பாப்லரின் மகரந்தம் காற்றில் வெகுதூரம் போகும். மாற்றிய மரபணு காட்டு மரங்களில் கலக்காமல் தடுப்பது கடினம்.

வேர்ல பூஞ்சை சேர்த்தா நல்லதுங்கறாங்க, உண்மையா?

பாப்லர் இருவகை வேர்ப்பூஞ்சைகளோடும் கூடி வாழும்: வேர் செல்லுக்குள் நுழைபவை, வேரைச் சுற்றி உறை போடுபவை. பூஞ்சை சேர்ந்தால் பாஸ்பரஸ் கிடைப்பது கூடும், மோசமான மண்ணிலும் நாற்று பிழைக்கும். ஆனால் உலோகத்தைப் பொறுத்தவரை விளைவு ஒரே மாதிரி இல்லை. சில பூஞ்சைகள் காட்மியத்தை உள்ளே கூடுதலாக அனுப்புகின்றன, சில வெளியிலேயே பிடித்து நிறுத்துகின்றன. மூன்றாவது கேள்வியில் சொன்ன இரண்டு வேலைகளில் எது வேண்டும் என்று தீர்மானித்த பிறகே பூஞ்சையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆண் மரம், பெண் மரம் வித்தியாசம் இதுலயும் உண்டா?

உண்டு. பாப்லரில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள். சீனாவின் கேத்தயானா பாப்லரில் காட்மியத்தை ஆண் நாற்றுகள் பெண் நாற்றுகளை விட நன்றாகத் தாங்குவதாகச் சோதனைகளில் கண்டார்கள். அதை எல்லா இனத்துக்கும் பொதுவாக்கிவிட முடியாது. ஆனால் நாற்று வாங்கும்போது இனத்தை மட்டும் பார்க்காமல் குளோனையும், அதாவது எந்தத் தாய்மரத்தின் போத்திலிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே இனத்துக்குள்ளேயே குளோனுக்குக் குளோன் உறிஞ்சும் அளவு பெரிதும் வேறுபடும்.

அண்ணா, ராணிப்பேட்டைப் பக்கம் இதை நட்டா என்ன?

இந்தக் கேள்வி வராத நாளில்லை, கேட்பவர்களின் கவலையும் புரிகிறது. ஆனால் வராது. பாப்லருக்குக் குளிர்காலம் வேண்டும்; இந்தியச் சமவெளியில் 28 பாகை அட்சரேகைக்குத் தெற்கே அது சரியாக வளர்வதில்லை. அப்படியே வளர்ந்தாலும் ராணிப்பேட்டையில் பிரச்சினை குரோமியம், அது வேரோடு நின்றுவிடும். கொட்டிக் கிடக்கும் குரோமியக் கழிவு மேட்டை அப்புறப்படுத்தி, நிலத்தடி நீருக்குள் கசிவதைத் தடுப்பதுதான் அங்கே முதல் வேலை; எந்த மரமும் அதற்கு மாற்றாகாது. ஓரங்களில் மண் அரிக்காமல் பிடிக்க வேண்டுமென்றால் நம் வெட்டிவேரே போதும். அதுவும் உலோகத்தைப் பெரும்பாலும் வேரில் வைத்துக்கொள்ளும்.

மரம் நட்ட அப்புறம் மண்ணைச் சோதிச்சேன், காட்மியம் குறைஞ்சிருக்கு. அப்போ மரம்தானே எடுத்திருக்கு?

அப்படிச் சொல்லிவிட முடியாது. மாசு திட்டுத்திட்டாக இருக்கும் நிலத்தில் இரண்டடி தள்ளி மண் எடுத்தாலே எண் மாறும். அமில மண்ணில் மழையோடு கீழே இறங்கியிருக்கலாம். ஆய்வுக்கூடம் முதல் முறை மொத்த அளவையும் அடுத்த முறை கரையும் அளவையும் தந்திருக்கலாம். இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

நிஜமாகத் தெரிய வேண்டுமானால் குறித்துவைத்த அதே இடங்களில், அதே ஆழங்களில், அதே முறையில் மண் எடுங்கள். மேல்மண்ணைத் தனியாக, கீழ்மண்ணைத் தனியாக. உதிர்ந்த இலைப் படலத்தையும் சேர்த்துச் சோதியுங்கள். வெட்டி வெளியே அனுப்பிய கட்டையின் எடையையும் அதில் இருந்த காட்மிய அளவையும் பெருக்கிப் பாருங்கள். மண்ணில் குறைந்ததும் லாரியில் போனதும் ஏறக்குறைய ஒத்துவந்தால் மரம் எடுத்திருக்கிறது. ஒத்துவராவிட்டால் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புங்கள்.